மதராஸிலிருந்து போன டப்ளின் பட்டாளம்

1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் போர் மூண்டபோது, ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற ஐரிஷ் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் மதராஸில் இருந்தது. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்டது செப்டம்பர் 22ஆம் தேதி. அதற்குப் பிறகுதான் இவர்கள் இந்தியாவை விட்டுக் கப்பலேறினார்கள். டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் பிளைமத். அடுத்த நாலாவது மாதம், துருக்கியின் கலிப்பொலியில் ஒரு சின்னக் கடற்கரையில் அந்தப் பட்டாலியன் சின்னாபின்னமானது.

எம்டனைப் பற்றிப் பழைய சென்னைக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் ஒரு கதை உண்டு. அதே ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போன இந்த ஆயிரம் பேரைப் பற்றி ஒரு கதையும் நான் கேட்டதில்லை. கேட்காததில் வியப்பும் இல்லை. ஆனால் இவர்களுக்கும் நமக்கும் இருக்கும் பழக்கம் 1914இல் தொடங்கியது அல்ல.

இந்தப் பட்டாலியனின் பூர்வீகம் கடலூர். 1748இல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், கடலூர் புனித டேவிட் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியச் சிப்பாய்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தினார். அதுதான் பின்னாளில் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆயிற்று. ஆற்காடு, வந்தவாசி, சோளிங்கர், புதுச்சேரி என்று நம் பஸ் ஸ்டாண்டுப் பலகைகளில் இருக்கும் பெயர்களெல்லாம் இவர்களுடைய போர் விருதுப் பட்டியலில் இருக்கின்றன. கம்பெனி ஆட்சி போய் ராணியின் ஆட்சி வந்தபின், 1881இல் இதையும் பம்பாய் ஃபியூசிலியர்ஸையும் ஒன்றாக்கி, டப்ளின் பெயரைச் சூட்டி அயர்லாந்துக்குத் தாரை வார்த்தார்கள். மதராஸ்காரர்கள் முதல் பட்டாலியன்; பம்பாய்க்காரர்கள் இரண்டாவது. தொப்பிச் சின்னத்தில் எரியும் கையெறிகுண்டு, அதில் ஒரு புலி, ஒரு யானை. டப்ளினிலும் கில்டேரிலும் பிறந்து, யானையைச் சர்க்கஸில்கூடப் பார்த்திராத பையன்கள் அந்தச் சின்னத்தைக் குத்திக்கொண்டு பிரான்ஸுக்குப் போனார்கள்.

பெருமைப்பட்டியலில் இன்னொன்றும் உண்டு. 1857இல் மதராஸ் ஃபியூசிலியர்ஸின் தலைவன் ஜேம்ஸ் நீல். அலகாபாத்திலும் கான்பூரிலும் விசாரணை என்ற பெயரில் வரிசையாகத் தூக்கில் போட்ட அதே நீல். முதல் பட்டாலியனின் செல்லப்பெயர் ‘நீலத் தொப்பிகள்’. அது அந்தப் படையெடுப்பிலிருந்து வந்தது. மவுண்ட் ரோட்டில் அவனுக்குச் சிலை வைத்தார்கள். 1927இல் அந்தச் சிலையை அகற்றக் கோரி நம் தொண்டர்கள் சத்தியாகிரகம் செய்து சிறை போனார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் இந்த ரெஜிமென்டைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். முன்கூட்டியே கசப்போடுதான் உட்கார்ந்தேன். கசப்பு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கூடவே வேறொன்றும் சேர்ந்துகொண்டது.

யார் இந்த டப்ளின்காரர்கள்? 1913இல் டப்ளினில் 20,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள், குடும்பத்துக்கு ஓர் அறை என்ற கணக்கில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தன. ஒரு காலத்தில் பிரபுக்கள் வாழ்ந்த மாளிகைகள். மேற்கூரை ஒழுக, படிக்கட்டுக் கைப்பிடி விறகாகப் போய், ஒரு குழாய்க்கும் ஒரு கழிப்பறைக்கும் மொத்தக் கட்டடமும் வரிசையில் நிற்கும். அந்த ஆண்டு ஜிம் லார்கின் தலைமையில் தொழிற்சங்கம் கட்டியவர்களை முதலாளிகள் மாதக்கணக்கில் கதவடைத்துப் பட்டினி போட்டார்கள். தோற்றுத் திரும்பியவர்களில் பலருக்குப் பழைய வேலை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே போர். ராணுவத்தில் சேர்ந்தால் சாப்பாடு, பூட்ஸ், வீட்டில் மனைவிக்கு வாராவாரம் கையில் காசு. ஆள் சேர்க்க வேறு பிரசங்கம் தேவைப்படவில்லை.

1915 ஏப்ரல் 25. கலிப்பொலி முனையில் செத்துல்பகிர் என்ற கோட்டைக் கிராமம். அதன் கீழே பிறை வடிவத்தில் ஒரு கடற்கரை. ராணுவ வரைபடத்தில் அதற்கு ‘வி’ என்று பெயர். ரிவர் கிளைட் என்ற பழைய நிலக்கரிக் கப்பலின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, உள்ளே ஆட்களை அடைத்து, வேண்டுமென்றே கரையில் முட்ட விடுவது திட்டம். உள்ளே பெரும்பாலும் மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ் என்ற இன்னோர் ஐரிஷ் ரெஜிமென்ட். டப்ளின்காரர்களில் ஒரு கம்பெனி, அதாவது பட்டாலியனின் ஒரு பிரிவு, கப்பலில். மற்றவர்களுக்குத் திறந்த படகுகள்.

படகுகள் கரையை நெருங்கும்வரை துருக்கியர் சுடவில்லை. கடற்படை அதற்குமுன் பொழிந்த குண்டுகளில் எதிரி செத்திருப்பான் என்று படகிலிருந்தவர்கள் நம்பியிருக்கலாம். கடைசிச் சில கஜத்தில் எல்லாத் துப்பாக்கிகளும் ஒன்றாக வெடித்தன. படகில் தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்திருக்கிறவன் எங்கே ஒளிவான்? செத்தவன் சாயக்கூட இடமில்லை. குதித்தவர்களை முதுகுச்சுமை இழுத்துக்கொண்டு போனது. இடுப்பளவு தண்ணீரில் மூழ்கினார்கள். தண்ணீருக்குள்ளேயே முள்கம்பி. மேலே பறந்த ஒரு விமானி, கரையிலிருந்து 50 கஜ தூரத்துக்குக் கடல் சிவந்திருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். தளபதி ரூத் கரையில் செத்தார். ‘சாகிறவனுக்குப் பக்கத்தில்தான் பாதிரிக்கு இடம்’ என்கிற மாதிரியாகப் படகில் தானும் ஏறிக்கொண்ட பாதிரியார் வில்லியம் ஃபின்னும் செத்தார். அந்தப் போரில் கொல்லப்பட்ட முதல் பிரிட்டிஷ் ராணுவப் பாதிரியார் அவர்தான்.

கரையில் ஆள் உயரம்கூட இல்லாத ஒரு மணல் வரப்பு இருந்தது. தப்பியவர்கள் அதன் அடியில் குப்புறப் படுத்து இருட்டும்வரை கிடந்தார்கள். அவர்களுடைய முதல் பதுங்குகுழி கடல் அரித்த அந்த வரப்புதான். சில நாட்களில் டப்ளின் பட்டாலியனும் மன்ஸ்டர் பட்டாலியனும் தனித்தனியே நிற்க ஆள் இல்லாமல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். ‘டப்ஸ்டர்ஸ்’ என்று பெயர். ஐரிஷ்காரர்களுக்கு எதிலும் ஒரு கிண்டல் வேண்டும். இன்று அந்தக் கரையில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் கிடப்பவர்கள் 696 பேர். அதில் 480 பேர் யார் என்றே தெரியாது.

ஒரே மாதம் கழித்து பெல்ஜியத்தில் இரண்டாம் பட்டாலியனின் முறை. இவர்கள் போரின் முதல் மாதமே பிரான்ஸில் இறங்கி, பின்வாங்கி, முன்னேறி, கடைசியில் ஈப்ரு நகரைச் சுற்றிய சேற்றில் உட்கார்ந்துவிட்டவர்கள். பதுங்குகுழி என்றால் ஆழமான பள்ளம் என்று நாம் நினைப்போம். ஃபிளாண்டர்ஸில் இரண்டடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். அதனால் பாதி பள்ளம், பாதி மேலே மணல்மூட்டைச் சுவர். நேர்க்கோடாக வெட்டமாட்டார்கள், சில கஜத்துக்கு ஒரு திருப்பம் வைப்பார்கள். ஒரு குண்டு உள்ளே விழுந்தால் அந்தத் திருப்பத்துக்குள் இருப்பவர்களோடு போகட்டும் என்ற கணக்கு. விடிவதற்குச் சற்று முன்னும் பொழுது சாயும்போதும் எல்லோரும் துப்பாக்கியோடு எழுந்து நிற்க வேண்டும், தாக்குதல் வரும் நேரம் அதுதான் என்பதால். மற்ற நேரமெல்லாம் தண்ணீர் இறைப்பது, மூட்டை அடுக்குவது, சீலைப்பேன் நசுக்குவது. கால் அழுகாமலிருக்கத் திமிங்கல எண்ணெய் தேய்ப்பது. சில நாள் முன்வரிசை, சில நாள் பின்வரிசை, பிறகு ஓய்வு என்று முறை மாறும். ஓய்விலும் சாமான் சுமக்கக் கூப்பிடுவார்கள். போர் என்பது பெரும்பாலும் மண்வெட்டி வேலைதான். டப்ளின் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கு அது தெரியாத வேலை இல்லை.

1915 மே 24. ‘எலிப்பொறிப் பண்ணை’ என்று சிப்பாய்கள் அழைத்த ஒரு பண்ணை வீட்டை ஒட்டி அவர்கள் இருந்தார்கள். அதற்கு முதலில் வேறு பெயர். குண்டுப்பொறி என்கிற பொருள்பட ஷெல்டிராப் என்றார்கள். அபசகுனமாக இருக்கிறதென்று மேலிடம் மாற்றியது. பெயரை மாற்றி என்ன பயன்! அதிகாலை 2:45க்கு ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். குளோரின் காற்றைவிடக் கனம். தரையோடு தரையாக வந்து, பள்ளத்தைக் கண்டால் உள்ளே இறங்கித் தங்கும். குண்டிலிருந்து காப்பாற்றும் குழியே வாயுவுக்குக் கிண்ணமாகிவிடும். அப்போது முகமூடி என்பது மருந்துக் கரைசலில் நனைத்து வாயில் கட்டிக்கொள்ளும் பஞ்சுத்துணி. எதிரி வரிசை மிகப் பக்கத்தில். பலருக்கு அதைக் கட்டிக்கொள்ளக்கூட நேரமில்லை. நுரையீரலில் நீர் கோத்து, தரையில் நின்றபடியே மூழ்குகிற சாவு.

பட்டாலியன் தலைவர் ஆர்தர் லவ்பேண்ட் பின்வாங்கவில்லை, அங்கேயே செத்தார். காலையில் 666 பேர் இருந்த பட்டாலியனில் இரவு 9:30க்கு மிஞ்சியவர்கள் ஓர் அதிகாரியும் 20 சிப்பாய்களும். இந்த எண்ணைப் படித்துவிட்டு நான் முந்தைய வரிக்குப் போய், அச்சுப்பிழையோ என்று பார்த்தேன். இல்லை.

ஆகஸ்டில் மறுபடியும் கலிப்பொலி, சுவ்லா விரிகுடா. இப்போது போனவர்கள் போர் தொடங்கியபின் சேர்ந்த புது ஆட்கள், ஆறாவது ஏழாவது பட்டாலியன்கள். ஏழாவதில் ‘டி’ கம்பெனி ஒரு விசித்திரம். ஐரிஷ் ரக்பி சங்கத் தலைவர் எஃப்.எச். பிரவுனிங், ரக்பி ஆடும் இளைஞர்களை லான்ஸ்டௌன் ரோடு மைதானத்தில் கூட்டிச் சேர்த்த கம்பெனி அது. வக்கீல்கள், டாக்டர்கள், கல்லூரி மாணவர்கள், இன்ஷூரன்ஸ் குமாஸ்தாக்கள். டிரினிடி கல்லூரியின் சட்டப் பேராசிரியர் எர்னஸ்ட் ஜூலியனும் அதில் இருந்தார். அதிகாரியாகப் போகக்கூடிய இடத்தில் சாதாரணச் சிப்பாயாக, துறைமுகத் தொழிலாளியின் பக்கத்தில் நின்றார்கள்.

சுவ்லாவில் சேறு இல்லை, பாறை. ஆறங்குலம் தோண்டவே கடப்பாரை வேண்டும். குடிதண்ணீர் கப்பலிலிருந்து வர வேண்டும். ஈ என்றால் அப்படி ஓர் ஈ: பிஸ்கட்டில் ஜாம் தடவி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் ஜாம் கறுப்பாகிவிடும். எல்லோருக்கும் வயிற்றுக்கடுப்பு. காலி ஜாம் டப்பாவில் வெடிமருந்தும் ஆணியும் அடைத்துத் திரி வைத்ததுதான் அந்த ஆண்டு பிரிட்டிஷ் ராணுவத்தின் கைக்குண்டு. அதுவும் போதுமான அளவு கிடையாது.

ஆகஸ்ட் 15, 16. கிரெச்தெபே என்ற மலைமுகட்டின் ஒரு சரிவில் டப்ளின்காரர்கள். மறு சரிவில் துருக்கியர். நடுவே முகடுதான். துருக்கியர் கிரிக்கெட் பந்தளவு குண்டுகளை மேலே வீசினால் இந்தப் பக்கம் உருண்டு வரும். ஏழாம் பட்டாலியனிடம் திருப்பி வீச ஒன்றுமில்லை. திரி எரிய நாலைந்து விநாடி ஆகும் என்பதால், விழுந்த குண்டையே எடுத்துத் திருப்பி எறிந்தார்கள். ஆல்பர்ட் வில்கின் என்ற சிப்பாய் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசி ஒன்று கையிலேயே வெடித்தது. அதன்பின் மற்றவர்கள் கல்லை எடுத்து வீசினார்கள். ரக்பி மைதானத்தில் பந்து பிடித்துப் பழகிய கைகள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவர் ரக்பி ஆடினாரா என்று எனக்குத் தெரியாது, விட்டுவிடுகிறேன். பேராசிரியர் ஜூலியன் அந்த ஆகஸ்டைத் தாண்டவில்லை.

அதே பட்டாலியனில் சார்லஸ் ஃபிரெடரிக் பால் என்றொருவர். டப்ளின் கிளாஸ்நெவின் தாவரவியல் தோட்டத்தில் உதவிக் காப்பாளர். சண்டை ஓய்ந்த நேரங்களில் கலிப்பொலிச் செடிகளின் விதைகளைச் சேகரித்துக் கிளாஸ்நெவினுக்கு அனுப்பினார். செப்டம்பர் 13 அன்று குண்டுக் காயத்தில் இறந்தார். அவர் போருக்கு முன் உருவாக்கிய எஸ்கலோனியா வகையொன்று அவர் பெயராலேயே இன்றும் நர்சரிகளில் விற்பனையாகிறது. சிவப்புப் பூ, வேலிக்கு நன்றாக இருக்குமாம்.

அடுத்த ஆண்டு வசந்தம்தான் இந்தக் கதையின் முடிச்சு. 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய கிளர்ச்சித் தலைவர்கள் பியர்ஸும் கானலியும் தபால் நிலையத்தைப் பிடித்துக் குடியரசு என்று அறிவித்தார்கள். அவர்களை அடக்க முதலில் ஓடிய படைகளில் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் பத்தாம் பட்டாலியனும் ஒன்று. லிஃபி நதிக்கரையில் அவர்கள் நடந்துவரும்போது ஜெரால்டு நீலன் என்ற அதிகாரி சுடப்பட்டு இறந்தார். அவருடைய தம்பி கிளர்ச்சியாளர் பக்கம் இருந்தார். ரக்பிப் பையன்களைப் போருக்கு அனுப்பிய பிரவுனிங், முதியோர் காவல்படையோடு பயிற்சி முடிந்து ஊர் திரும்பும் வழியில் கிளர்ச்சியாளர் குண்டுபட்டு இறந்தார். அந்தப் படையின் துப்பாக்கிகளில் தோட்டாவே இல்லை.

அதே வாரம், ஏப்ரல் 27இலும் 29இலும், பிரான்ஸின் ஹுல்லூக்கில் எட்டாவது ஒன்பதாவது பட்டாலியன்கள் இருந்த 16ஆம் ஐரிஷ் டிவிஷன்மேல் மறுபடி நச்சுவாயு. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர் செத்தார்கள். பியர்ஸ் டப்ளினில் சரணடைந்தது 29ஆம் தேதி. இரண்டாம் வாயுத் தாக்குதலும் அன்றுதான். சில நாளில் ஜெர்மானியர் பதுங்குகுழிக்கு மேலே பலகை தூக்கிக் காட்டினார்கள்: ஐரிஷ்காரர்களே, அயர்லாந்தில் பெரும் கலவரம், ஆங்கிலேயப் பீரங்கிகள் உங்கள் மனைவி மக்களைச் சுடுகின்றன என்று. பலகைக்கு எதிரே இருந்த மன்ஸ்டர்காரர்கள் இரவில் ஊர்ந்துபோய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். வீரம் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பலகையில் இருந்தது முழுப்பொய் இல்லை என்பதுதான் உறுத்துகிறது. டப்ளின் நடுத்தெருவில் பீரங்கி வெடித்தது உண்மை. அந்த ஒண்டுக்குடித்தனங்களில் இருந்தது இவர்கள் குடும்பங்கள் என்பதும் உண்மை. கைதான கிளர்ச்சியாளர்களைத் தெருவில் அழைத்துப்போனபோது வசைபாடியவர்களில் இந்தச் சிப்பாய்களின் மனைவிமார் முன்வரிசையில் இருந்தார்கள். புருஷன் பிரான்ஸில், வாரக்காசு தபால் நிலையத்தில், அந்தத் தபால் நிலையம் நெருப்பில். பிறகு வெள்ளை அரசு கிளர்ச்சித் தலைவர்களை ஒவ்வொருவராகச் சுட்டுக் கொன்றது. ஊர் அப்படியே மறுபக்கம் திரும்பிவிட்டது.

டாம் கெட்டில் இதில் நடுவே மாட்டிக்கொண்டவர். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், பொருளாதாரப் பேராசிரியர், தேசியவாதி. 1914இல் ஐரிஷ் தொண்டர்களுக்குத் துப்பாக்கி வாங்க பெல்ஜியம் போனவர், அங்கே ஜெர்மானியர் செய்ததைக் கண்ணால் கண்டு எதிர்ப்பக்கம் போய் டப்ளின் ஃபியூசிலியர்ஸில் அதிகாரியானார். ஈஸ்டர் வாரத்தில் அவருடைய சகலை, போரே வேண்டாம் என்று பேசிவந்த ஷீஹி ஸ்கெஃபிங்டனை, ஒரு பிரிட்டிஷ் அதிகாரி விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லச் செய்தான். கல்லூரியில் கூட வேலை பார்த்த, கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான மக்டோனாவை அரசு சுட்டது. அவர்கள் தியாகிகளாவார்கள், நான் பிரிட்டிஷ் அதிகாரியாகத்தான் நினைக்கப்படுவேன் என்று கெட்டிலே சொல்லிவைத்தார். சொல்லிவிட்டும் போர்முனைக்குப் போனார்.

செப்டம்பர் 9, பிரான்ஸின் சோம் பகுதியில் ஜின்ஷி கிராமம். மாலை 4:45க்கு ஒன்பதாம் பட்டாலியன் குழியை விட்டு ஏறியது. கெட்டில் சில நிமிடங்களில் விழுந்தார். சில நாள் முன்புதான் மூன்று வயது மகளுக்கு ஒரு கவிதை எழுதியிருந்தார். கொடிக்காகவோ அரசனுக்காகவோ நாங்கள் சாகவில்லை என்கிற பொருளில். உடல் கிடைக்கவில்லை. கூடவே ஓடிய 18 வயது எம்மெட் டால்டன், அதிகாரிகளை இழந்து நின்ற ஆட்களைத் திரட்டி இடத்தைப் பிடித்து, அதற்காக ராணுவச் சிலுவை பெற்றார். சில வருடம் கழித்து அதே டால்டன், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஐரிஷ் படையான ஐ.ஆர்.ஏ.வில் பயிற்சி கொடுத்தார். 1922 ஆகஸ்ட் 22 அன்று ஐரிஷ் விடுதலைத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் சுடப்பட்டபோது பக்கத்தில் இருந்தவரும் அவரே. அப்போதும் நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஜின்ஷி’.

மிச்சப் போரை வேகமாகவே சொல்லலாம்: 1917இல் மெசின், பிறகு ஃப்ரெசன்பெர்க் சேறு, அங்கே எட்டாம் பட்டாலியன் உயிராய் நேசித்த பாதிரியார் வில்லி டாயில் இறந்தது, 1918 மார்ச் 21இன் ஜெர்மன் பெருந்தாக்குதலில் 16ஆம் டிவிஷன் நொறுங்கியது. இந்த ரெஜிமென்டுக்கு அந்தப் போரில் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் மூன்று: டவுனி, ஆக்கெண்டன், கர்டிஸ். வேடிக்கை என்னவென்றால் மூவரில் ஒருவரும் அயர்லாந்தில் பிறந்தவரில்லை. மொத்தச் சாவு 4,700க்கு மேல்.

1922இல் அயர்லாந்து பிரிந்ததும் ரெஜிமென்டைக் கலைத்தார்கள். ஜூன் 12 அன்று விண்ட்சர் கோட்டையில் ஐந்தாம் ஜார்ஜிடம் கொடிகளை ஒப்படைத்தார்கள். ஆற்காடும் வந்தவாசியும் அத்தோடு உள்ளே போயின.

கெட்டிலுக்கு நண்பர்கள் ஒரு மார்பளவுச் சிலை செய்து வைத்திருந்தார்கள். டப்ளின் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவில் அதை வைக்க வருஷக்கணக்கில் இழுபறி. ‘பிரான்ஸில் கொல்லப்பட்டார்’ என்று கல்லில் வெட்டுவதற்கே அரசுத் தரப்பில் ஆட்சேபம். கடைசியில் 1937இல், திறப்புவிழா இல்லாமல், சத்தமில்லாமல் வைத்தார்கள். அதே 1937இல்தான் ராஜாஜி அமைச்சரவை மவுண்ட் ரோட்டிலிருந்து நீல் சிலையை இறக்கி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. ஒரே ரெஜிமென்டின் இரண்டு ஆட்கள். எனக்கு இரண்டும் சரியென்றே படுகிறது. நீலை இறக்கியதும், கெட்டிலை ஏற்றியதும்.

சிலை கிடைக்காதவர்கள் வாடகைக்காகச் சண்டை போட்டார்கள். திரும்பிவந்த சிப்பாய்களுக்கென்று டப்ளினின் வடக்கே கில்லெஸ்டரில் பிரிட்டிஷ் பணத்தில் தோட்டத்தோடு வீடு கட்டினார்கள். ஒற்றை அறையில் பிறந்தவனுக்கு அது அரண்மனை. ஆனால் நிர்வகித்த அறக்கட்டளை வாடகை கேட்டது. உயிரைக் கொடுத்துச் சம்பாதித்த வீட்டுக்கு வாடகையா என்று கட்ட மறுத்தார்கள். நோட்டீஸ் வந்தது, வழக்கு நடந்தது. 1933இல் ஐரிஷ் உச்ச நீதிமன்றம், அறக்கட்டளைக்கு வாடகை வாங்க அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. பதுங்குகுழியில் அவர்கள் பிடித்த எந்த இடமும் இப்படி உறுதியாகக் கையில் நின்றதில்லை.